வெளிநாட்டில் இருந்தபடி மொபைலில் பேசுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது பாஸ்போர்ட், விசா, சார்ஜர் எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்க்கிறோம். போன் கையிலேயே இருப்பதால் அதைப் பற்றி யோசிப்பதில்லை. போய் இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு கால் போகாது. அல்லது கால் எல்லாம் நன்றாகப் போய்விட்டு, திரும்பி வந்த பிறகு பில் வந்து நிற்கும். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நம் பேச்சு எந்த வழியாகப் போகிறது, அந்த வழிக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதைக் கிளம்பும் முன் நாம் தெரிந்துகொள்வதில்லை. அதைத் தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் வீட்டில் உட்கார்ந்து ஒரு மாலையில் முடித்துவிடக்கூடிய வேலை. வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வேலை: எண்களை + வடிவத்துக்கு மாற்றுங்கள்

உலகில் எந்தத் தொலைபேசி எண்ணையும் ஒரே மாதிரி எழுத ஒரு முறை இருக்கிறது. முதலில் + குறி, அடுத்து நாட்டுக் குறியீடு, அதன்பின் அந்த நாட்டுக்குள் வழங்கும் எண். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த இ.164 என்ற விதி இது. நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து மொத்தம் 15 இலக்கங்களைத் தாண்டாது.

அந்த + எதற்கு? வெளிநாட்டு அழைப்பு போட ஒவ்வொரு நாட்டிலும் ஒரு முன்னெண் உண்டு. பெரும்பாலான நாடுகளில் 00. அமெரிக்காவிலும் கனடாவிலும் 011. ஆஸ்திரேலியாவில் 0011. ஜப்பானில் 010. மொபைலில் + போட்டு டயல் செய்தால், அப்போது நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அங்குள்ள நெட்வொர்க்கே அதைப் புரிந்துகொள்ளும். இந்த முன்னெண்களில் ஒன்றையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. டயல் பலகையில் 0 பொத்தானை அழுத்திப் பிடித்தால் + வந்துவிடும்.

இப்போது கவனமாக இருக்க வேண்டிய இடம். லண்டன் எண் ஒன்று 020 7946 0123 என்று அச்சாகியிருக்கிறது என்று வையுங்கள். தொடக்கத்தில் உள்ள அந்த 0, பிரிட்டனுக்குள் இருந்து டயல் செய்பவர்களுக்கு மட்டும். வெளியிலிருந்து அழைக்கும்போது அதை எடுத்துவிட வேண்டும்: +44 20 7946 0123. சிலர் விசிட்டிங் கார்டில் +44 (0)20 என்று அடைப்புக்குறிக்குள் 0 போட்டு அச்சிடுவார்கள். அதைப் பார்த்து அப்படியே டயல் செய்து, கால் போகவில்லை என்று திண்டாடுபவர்கள் நிறைய பேர். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 0 வெளிநாட்டிலிருந்து அழைப்பவருக்கு வேண்டாம்.

எல்லா நாட்டுக்கும் இந்த விதி ஒன்றுபோல் பொருந்திவிடாது. இத்தாலியில் லேண்ட்லைன் எண்ணின் முன்னால் வரும் 0 எண்ணின் பகுதியே. ரோம் நகருக்கு +39 06 என்றுதான் தொடங்க வேண்டும். 0-ஐ எடுத்துவிட்டால் கால் போகாது. ரஷ்யாவில் உள்நாட்டு முன்னெண் 8. அதை எடுத்துவிட்டு +7 போட வேண்டும். ஹங்கேரியில் 06 என்ற இரண்டு இலக்கங்களையும் எடுத்துவிட்டு +36. அர்ஜென்டினா மொபைல் எண் இன்னும் சிக்கல்: உள்ளூரில் போடும் 15-ஐ விட்டுவிட்டு, +54-க்குப் பிறகு ஒரு 9 சேர்க்க வேண்டும். மெக்சிகோவுக்கும் முன்பு இப்படி +52-க்குப் பிறகு 1 போட்டுக்கொண்டிருந்தார்கள்; 2019 ஆகஸ்டிலிருந்து அது தேவையில்லை. பழைய காண்டாக்டில் அந்த 1 ஒட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஸ்பெயின், நார்வே, டென்மார்க், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் இந்தத் தொல்லையே இல்லை. உள்ளூர் எண் எப்படியோ அப்படியே நாட்டுக் குறியீட்டுக்குப் பின்னால் ஒட்டிவிடலாம்.

+1 பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவும் கனடாவும் மட்டும் அந்தக் குறியீட்டில் இல்லை. ஜமைக்கா (876, 658), டொமினிக்கன் குடியரசு (809, 829, 849) போன்ற கரீபியன் நாடுகளும் அதே +1-இல் வருகின்றன. பார்க்க அமெரிக்க எண் போலவே இருக்கும், கட்டணம் வேறு.

அலுவலக எண்ணாக இருந்தால் எக்ஸ்டென்ஷனும், அதாவது உள் இணைப்பு எண்ணும், இருக்கும். எண்ணுக்குப் பின் ஒரு காற்புள்ளி போட்டு எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துச் சேமித்தால், கால் இணைந்ததும் போன் சற்று நிறுத்தி அதைத் தானே அழுத்தும். பதிவுக்குரலைக் கேட்டுக்கொண்டு நிமிடக் கணக்கில் காசு விடுவது மிச்சமாகும்.

+ வடிவத்தில் சேமித்த எண்ணை ஊரிலிருந்தே ஒரு தடவை டயல் செய்து பாருங்கள். உள்ளூர் எண் என்றால் வழக்கமான உள்ளூர் அழைப்பாகவே அது போகும். போனால் எண் சரி. குடும்பத்தார், வங்கி, பயணக் காப்பீடு, விமானக் கம்பெனி, தங்கும் விடுதி, போகும் நாட்டில் உள்ள நம் தூதரகம் ஆகியவற்றை இப்படி மாற்றிவிட்டால் போதும். காண்டாக்ட்ஸ் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. அப்புறம், முக்கியமான நான்கைந்து எண்களை ஒரு தாளிலும் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள். போன் தொலைந்தாலோ சார்ஜ் தீர்ந்தாலோ அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

ரோமிங்கில் கால் எப்படிப் பயணிக்கிறது

உங்கள் சொந்த சிம்மோடு வேறு நாட்டில் போனை ஆன் செய்ததும், அங்குள்ள நெட்வொர்க் ஒன்று அந்த சிம் யாருடையது என்று பார்த்து, உங்கள் மொபைல் கம்பெனியிடம் விசாரிக்கிறது. இரண்டு கம்பெனிகளுக்கும் இடையே ஒப்பந்தம் இருந்தால் உள்ளே விடுகிறது. இதற்குப் பெயர்தான் ரோமிங். இந்த வாடிக்கையாளர் இப்போது இன்ன நாட்டில், இன்ன நெட்வொர்க்கில் இருக்கிறார் என்று உங்கள் கம்பெனியின் பதிவேட்டில் குறிப்பும் ஏறிவிடுகிறது.

இப்போது ஊரிலிருந்து ஒருவர் உங்கள் எண்ணுக்கு அழைக்கிறார். நீங்கள் வெளிநாட்டில் இருப்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. எப்போதும் போல அதே எண், அவருக்கு அதே கட்டணம். அந்தக் கால் முதலில் உங்கள் கம்பெனிக்கு வருகிறது. கம்பெனி பதிவேட்டைப் பார்த்து, அதை நீங்கள் இருக்கும் நாட்டுக்கு அனுப்புகிறது. ஊரிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் அந்த இரண்டாவது பாதிக்குக் காசு கொடுப்பவர் நீங்கள். ரோமிங்கில் வந்த காலை எடுத்தாலே கட்டணம் விழுவது இதனால்தான்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால், மற்றவற்றை நீங்களே ஊகித்துவிடலாம். உதாரணத்துக்கு, ஒரே ஊரிலிருந்து கிளம்பிய இரண்டு நண்பர்கள் வெளிநாட்டில் ஒரே விடுதியில் தங்கியிருக்கிறார்கள். இருவர் போனிலும் ஊர் சிம்தான். கீழே நிற்பவர் மாடியில் இருப்பவரை அழைக்கிறார். அந்தக் கால் விடுதியிலிருந்து கடல் தாண்டி ஊருக்குப் போய், அங்கிருந்து மறுபடி அதே விடுதிக்குத் திரும்பி வருகிறது. அழைத்தவருக்கு வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பேசிய கட்டணம், எடுத்தவருக்கு ரோமிங்கில் கால் பெற்ற கட்டணம். நாலு படி ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். கூட்டமாகச் சுற்றுலா போகிறவர்கள், "எங்கே இருக்கிறாய்?" என்று நாள் முழுதும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் வாட்ஸ்அப் போன்ற ஆப்தான் சரி.

ஆக ரோமிங்கில் அழைப்பு நாலு வகை: வரும் கால், நீங்கள் இருக்கும் நாட்டுக்குள்ளேயே போடும் கால், ஊருக்குப் போடும் கால், மூன்றாவது ஒரு நாட்டுக்குப் போடும் கால். நாலுக்கும் நாலு கட்டணம் இருக்கலாம். மூன்றாவது நாட்டுக்குப் போடுவதுதான் பொதுவாக அதிகம். ரோமிங் பேக்குகளிலும் அதுதான் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். விளம்பரத்தில் நிமிடங்கள் இலவசம் என்று பார்த்தால், அது இந்த நாலில் எதற்கு என்று பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் சிம் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் ஊர்க் கட்டணத்திலேயே பேசலாம் என்று விதி வந்தது; 2022-இல் அதை 2032 வரை நீட்டித்திருக்கிறார்கள். வேறு நாட்டு சிம்மோடு போகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆனால் பயணத்தின்போது ஒன்றியத்து நாடு ஒன்றில் சிம் வாங்கினால், அதே சிம்மோடு பக்கத்து நாடுகளிலும் பேசலாம். சுவிட்சர்லாந்து இந்த விதிக்குள் வராது. ரயிலில் அந்த நாட்டைக் கடக்கும்போது அது நினைவில் இருக்கட்டும்.

வாய்ஸ்மெயிலை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்

நான் யாருக்கு யோசனை சொன்னாலும் விடாமல் சொல்லும் விஷயம் இது. வாய்ஸ்மெயில் என்பது நீங்கள் எடுக்காத காலை ஏற்று, அழைத்தவர் சொல்வதைப் பதிவு செய்து வைக்கும் வசதி. போனைத் தொடவே இல்லை, பில் மட்டும் வந்திருக்கிறது என்று புலம்புபவர்களின் கதையில் பாதி இங்கேதான் இருக்கிறது.

நீங்கள் ரோமிங்கில் இருக்கும்போது கால் வருகிறது. நீங்கள் தூங்குகிறீர்கள், எடுக்கவில்லை. ஊர்க் கம்பெனி அந்தக் காலை ஏற்கெனவே நீங்கள் இருக்கும் நாட்டுக்கு அனுப்பிவிட்டது. மணி அடித்து ஓய்ந்ததும், எடுக்கவில்லை என்றால் வாய்ஸ்மெயிலுக்குத் திருப்பு என்ற பழைய ஏற்பாடு விழித்துக்கொள்கிறது. வாய்ஸ்மெயில் எங்கே இருக்கிறது? ஊரில். எனவே அங்குள்ள நெட்வொர்க் அந்தக் காலை மறுபடி ஊருக்கே அனுப்புகிறது. போனது ஒரு வெளிநாட்டுக் கால், திரும்பியது இன்னொன்று. வாய்ஸ்மெயில் எடுத்த நொடியிலிருந்து இரண்டுக்கும் மீட்டர் ஓடலாம். அழைத்தவர் ஒன்றும் பேசாமல் வைத்தாலும், பலருடைய திட்டத்தில் முழு நிமிடமாகத்தான் கணக்கு.

போன் முற்றிலும் அணைந்திருந்தால் பொதுவாக இந்தச் சிக்கல் வராது. நீங்கள் தொடர்பில் இல்லை என்பது ஊர்க் கம்பெனிக்கே தெரிந்திருப்பதால், கால் ஊரை விட்டு வெளியே போகாமல் அங்கேயே வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பிவிடும். போன் ஆனில் இருந்து, நீங்கள் எடுக்காமல் விடும்போதோ, வேறொரு காலில் இருக்கும்போதோதான் இந்த இரட்டைச் செலவு.

நிறுத்துவது எளிது. கிளம்பும் முன், ஊர் நெட்வொர்க்கில் இருக்கும்போதே, *#62# என்று டயல் செய்து பாருங்கள். தொடர்பில் இல்லாதபோது உங்கள் கால் எந்த எண்ணுக்குத் திரும்புகிறது என்று காட்டும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து பழையபடி அமைக்க அது வேண்டும். *#61# எடுக்காதபோது எங்கே போகிறது என்பதையும், *#67# வேறு காலில் இருக்கும்போது எங்கே போகிறது என்பதையும் காட்டும். அப்புறம் ##002# டயல் செய்தால் எல்லாத் திருப்பமும் ரத்தாகும். சில கம்பெனிகளில் இந்தக் குறியீடு வேலை செய்யாது. அப்படியானால் கஸ்டமர் கேரிடம் சொல்லி வாய்ஸ்மெயிலை நிறுத்தச் சொல்லுங்கள்.

கம்பெனியிடம் என்ன கேட்பது

"ரோமிங் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். நான் போகும் நாடு இந்த பேக்கில் இருக்கிறதா? வழியில் விமானம் மாறும் நாடும் சேருமா? வரும் காலுக்கும் நிமிடம் கழியுமா? பேக் எப்போது தொடங்கும்: பணம் கட்டியதுமா, அங்கே முதல் முறை இணைந்ததுமா? ஒரு நாள் என்றால் 24 மணி நேரமா, நள்ளிரவில் முடியும் நாளா, அந்த நள்ளிரவு எந்த நாட்டு நேரப்படி? பேக் தீர்ந்ததும் தானாக நின்றுவிடுமா, சாதாரணக் கட்டணத்தில் ஓடிக்கொண்டே இருக்குமா? கடைசிக் கேள்விதான் பெரிய பில்லைத் தடுக்கும். செலவுக்கு ஒரு உச்சவரம்பு வைக்க முடியுமானால் வைத்துவிடுங்கள்.

பேக்கை ஊரிலேயே போட்டுவிட்டு, உறுதிப்படுத்தி வரும் எஸ்எம்எஸ்ஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

போன் அங்கே வேலை செய்யுமா?

பழைய வழிகாட்டிகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். இப்போது அப்படி விட முடியாது. பல நாடுகளில் 2ஜி, 3ஜி சேவைகளை மூடிக்கொண்டு வருகிறார்கள். அமெரிக்காவில் 2022-இல் பெரிய கம்பெனிகள் 3ஜியை மூடின. ஆஸ்திரேலியாவில் 2024-இல் மூடியாயிற்று. அந்த மாதிரி நாட்டில் கால் பேச வேண்டுமானால் 4ஜி வழியாகவே பேச்சு போக வேண்டும். அதற்குப் பெயர் வோல்ட்டீ. உங்கள் போனில் அது இருந்தால் மட்டும் போதாது. உங்கள் கம்பெனிக்கும் அங்குள்ள கம்பெனிக்கும் இடையே வோல்ட்டீ ரோமிங் ஒப்பந்தமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிக்னல் முழுசாக இருக்கும், டேட்டா ஓடும், கால் மட்டும் போகாது. இதையும் கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள். செட்டிங்ஸில் வோல்ட்டீ ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரியவர்கள் வைத்திருக்கும் சின்ன பட்டன் போன்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அங்கே வேறு சிம் போடும் எண்ணம் இருந்தால், போன் ஒரு கம்பெனிக்கு மட்டும் பூட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போனால் கேரியர் லாக் என்ற வரி இருக்கும். மற்ற போன்களில் நண்பர் ஒருவரின் வேறு கம்பெனி சிம்மைப் போட்டுப் பார்ப்பதுதான் சுலபமான சோதனை.

இரண்டு சிம் ஏற்பாடு: என் பரிந்துரை

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஊர் சிம் போனிலேயே இருக்கட்டும், ஆனில் இருக்கட்டும், ஆனால் அதன் டேட்டா ரோமிங் அணைந்திருக்கட்டும். வங்கியிலிருந்து வரும் ஓடிபி அதில்தான் வரும்; ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெறுவதற்குப் பெரும்பாலான கம்பெனிகள் காசு வாங்குவதில்லை. டேட்டாவுக்கு அங்குள்ள சிம்மோ, பயண இ-சிம்மோ போட்டுக்கொள்ளுங்கள். பேச்சு முழுவதும் அந்த டேட்டாவில், ஆப் வழியாக.

இ-சிம் என்பது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம். *#06# டயல் செய்யும்போது வரும் எண்களில் இஐடி என்று ஒன்று தெரிந்தால் உங்கள் போனில் அந்த வசதி உண்டு. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து நிறுவ இணையம் வேண்டும். அதனால் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே நிறுவிவிட்டு, போய் இறங்கியதும் ஆன் செய்யுங்கள். விமான நிலையத்தில் நின்றுகொண்டு வைஃபை தேடாதீர்கள். வேலை செய்யவில்லை என்று அவசரப்பட்டு இ-சிம்மை அழிக்கவும் கூடாது. பலவற்றை இரண்டாம் தடவை நிறுவ முடியாது.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியது: பயண இ-சிம்களில் பெரும்பாலானவை டேட்டா மட்டும் தருபவை. அவற்றுக்குத் தொலைபேசி எண் கிடையாது. விடுதிக்கும் டாக்ஸிக்கும் சாதாரண கால் போட வேண்டிய பயணம் என்றால், எண்ணோடு வரும் உள்ளூர் சிம்மே நல்லது. அதை வாங்கப் பல நாடுகளில் பாஸ்போர்ட் காட்ட வேண்டியிருக்கும்.

இரண்டு சிம் போட்டதும் செட்டிங்ஸில் மூன்று இடங்களைப் பாருங்கள். டேட்டாவுக்குப் புது சிம்மைத் தேர்ந்தெடுங்கள். ஊர் சிம்மில் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். பயண இ-சிம்மில் மட்டும் டேட்டா ரோமிங் ஆன் செய்ய வேண்டியிருக்கலாம், ஏனென்றால் பல இ-சிம்கள் வேறு நாட்டுக் கம்பெனியின் பெயரில் ரோமிங்காகவே ஓடுபவை. மூன்றாவதுதான் பலரும் பார்க்காமல் விடுவது: ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் டேட்டாவை இன்னொரு சிம்முக்குத் தானாக மாற்றும் வசதி. ஐபோனில் செல்லுலர் டேட்டா ஸ்விட்சிங் என்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள்.

சாதாரண காலுக்கு எந்த சிம் என்பதை, "ஒவ்வொரு தடவையும் கேள்" என்று வைப்பது நல்லது. பழக்கத்தில் ஊர் சிம்மில் கால் போய்விடாது.

ஆப் வழியாகப் பேசுவது

புது சிம் போட்டதும் வாட்ஸ்அப், எண்ணை மாற்ற வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள். கணக்கு பழைய எண்ணிலேயே இருக்கட்டும். உங்களைத் தேடுபவர்கள் அந்த எண்ணில்தான் தேடுவார்கள். பயணத்தின் நடுவே ஆப்பை நீக்கி மறுபடி நிறுவாதீர்கள். மறுபடி பதிவு செய்ய ஓடிபி வர வேண்டும், ஊர் சிம்முக்கு அந்த நேரம் சிக்னல் இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

குரல் காலுக்கு டேட்டா அதிகம் ஆகாது. நிமிடத்துக்கு ஒரு எம்பி என்று வைத்துக் கணக்குப் போட்டால் போதும். வீடியோ பல மடங்கு விழுங்கும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் காலுக்குக் குறைந்த டேட்டா பயன்படுத்தும் வசதி இருக்கிறது. பேச்சு விட்டுவிட்டு வந்தால் முதலில் வீடியோவை அணைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

எல்லா நாட்டிலும் இது நடக்காது. சீனாவில் வாட்ஸ்அப்பே முடக்கப்பட்டிருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், கால் நீண்ட காலமாகவே போவதில்லை. அங்கே போகிறவர்கள் அனுமதி உள்ள வேறு ஆப்பை, எதிர்முனையில் இருப்பவரையும் சேர்த்து, ஊரிலேயே நிறுவி ஒரு தடவை பேசிப் பார்த்துவிட வேண்டும்.

எதிர்முனையில் இருப்பவரிடம் இணையம் இல்லை, லேண்ட்லைன்தான் இருக்கிறது என்றால்? முன்பெல்லாம் எல்லோரும் ஸ்கைப்பைச் சொல்வார்கள். 2025 மே 5-ஆம் தேதியோடு ஸ்கைப் மூடப்பட்டுவிட்டது. வைபர் அவுட் போல, முன்பணம் போட்டு எந்தத் தொலைபேசிக்கும் அழைக்கும் சேவைகள் இருக்கின்றன. வங்கி, விமானக் கம்பெனி போன்ற இடங்களில் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டிய காலுக்கு ரோமிங் நிமிடத்தை விட இவை எவ்வளவோ மேல்.

வைஃபை காலிங்

இது ஆப் இல்லை. உங்கள் சொந்த எண்ணிலேயே, சாதாரண டயல் பலகையிலேயே, வைஃபை வழியாகக் கால் போகும். வெளிநாட்டில் விடுதி வைஃபையில் இருந்து ஊருக்குப் பேசினாலும், சில கம்பெனிகள் ஊரில் இருந்து பேசியதாகவே கணக்கு வைக்கும். சில கம்பெனிகள் ரோமிங் கட்டணமே வாங்கும். சில வெளிநாட்டில் அனுமதிப்பதே இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நம்பாதீர்கள். உங்கள் கம்பெனி முதல் வகை என்றால், வயதான பெற்றோரிடம் பேச இதைவிட நல்ல வழி எதுவும் இல்லை; அவர்கள் பக்கம் எந்த மாற்றமும் வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். வைஃபை காலிங்கில் இருக்கும்போது நீங்கள் தங்கியிருக்கும் நாட்டின் எண்ணுக்கு அழைத்தால், ஊரிலிருந்து வெளிநாட்டுக்குப் போட்ட காலாகக் கணக்காகும்.

இறங்கியதும்

விமானத்தில் ஏர்பிளேன் மோடை எடுக்கும் முன்பே ஊர் சிம்மின் டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எடுத்ததும் நெட்வொர்க் பிடிக்கச் சில நிமிடம் ஆகலாம். பிடிக்காவிட்டால் ஒரு தடவை அணைத்து ஆன் செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கையால் தேர்ந்தெடுப்பதற்கு மாற்றி, பேக்கில் சொல்லியிருக்கும் கம்பெனியின் பெயரைத் தொடுங்கள்.

எல்லை ஓரத்து ஊர்களில் போன் பக்கத்து நாட்டு டவரைப் பிடித்துவிடும். நீங்கள் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டியதே இல்லை. அங்கேயும் கையால் தேர்ந்தெடுத்து வைப்பதுதான் வழி. கப்பலில் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கரை மறைந்ததும் போன் கப்பலின் சொந்த நெட்வொர்க்கைப் பிடிக்கும். அது செயற்கைக்கோள் வழியாக ஓடுவது, நாட்டுக்கான ரோமிங் பேக் பெரும்பாலும் அதற்குச் செல்லாது. கரை விட்டதும் ஏர்பிளேன் மோட் போட்டு, வேண்டுமானால் கப்பல் வைஃபையை மட்டும் பயன்படுத்துங்கள். சில விமானங்களிலும் இதே மாதிரி நெட்வொர்க் உண்டு.

தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றுவிட்டால் திருப்பி அழைக்காதீர்கள். திருப்பி அழைப்பவரிடம் கட்டணம் பிடுங்குவதற்காகவே செய்யும் மோசடி அது. +881, +882, +883 என்று தொடங்கும் எண்கள் செயற்கைக்கோள் சேவைகளுக்கும் சர்வதேச நெட்வொர்க்குகளுக்கும் உரியவை. அந்த எண்களிடம் இன்னும் ஜாக்கிரதை.

அவசர எண், வங்கி எண்

112-ஐ நினைவில் வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதுதான் அவசர எண். ஜிஎஸ்எம் போன்கள் அந்த எண்ணை அவசர அழைப்பாகவே அடையாளம் காணும் என்பதால் வேறு பல நாடுகளிலும் வேலை செய்யும். ஆனாலும் போகும் நாட்டின் எண்ணையும் தெரிந்துகொள்ளுங்கள்: அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000, ஜப்பானில் போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119. சிம் இல்லாத போனிலிருந்தும் அவசர கால் போகும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஜெர்மனியில் 2009 முதல் அது கிடையாது. அவசரத்துக்கு முடிந்தவரை சாதாரண மொபைல் நெட்வொர்க்கிலேயே அழையுங்கள்; வைஃபை காலிங்கில் நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம்.

கார்டு தொலைந்துவிட்டது, முடக்க வேண்டும். வங்கியின் இலவச எண்ணை வெளிநாட்டிலிருந்து அழைத்தால் பெரும்பாலும் போகாது. அந்த எண்கள் நாட்டுக்குள் மட்டும் வேலை செய்பவை. வெளிநாட்டிலிருந்து அழைக்க வங்கிகள் தனி எண் வைத்திருக்கும், கார்டின் பின்புறத்திலேயே அது அச்சாகியிருக்கும். கார்டு தொலைந்த பிறகு கார்டின் பின்புறத்தை எங்கே பார்ப்பது? அதனால்தான் அதையும் அந்தத் தாளில் எழுதச் சொல்கிறேன்.

கால் போகவில்லை என்றால்

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் மகள் வீட்டுக்குப் போகும் வழியில், விமானம் மாறும் இடத்தில், வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் புரியாத மொழியில் ஒரு பதிவுக்குரல். போன் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். பக்கத்தில் இருந்த பயணி வாங்கிப் பார்த்தார். வீட்டு எண் நாட்டுக் குறியீடு இல்லாமல் சேமித்திருந்தது. அந்த எண்ணை அந்த நாட்டின் உள்ளூர் எண்ணாக நெட்வொர்க் எடுத்துக்கொண்டுவிட்டது. + போட்டு நாட்டுக் குறியீட்டைச் சேர்த்ததும் முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

எனவே முதலில் எண்ணைப் பாருங்கள். எண் சரி என்றால் இந்த வரிசையில் போங்கள்: ப்ரீபெய்டு என்றால் இருப்பு இருக்கிறதா, ரோமிங் பேக் ஆனில் இருக்கிறதா, எந்த சிம்மில் கால் போகிறது, போனை அணைத்து ஆன் செய்தால் மாறுகிறதா, வேறு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்தால் மாறுகிறதா. கால் போகாமல் எஸ்எம்எஸ் மட்டும் போகிறது என்றால் வோல்ட்டீ ரோமிங் இல்லாததாக இருக்கலாம். செட்டிங்ஸில் 3ஜி அல்லது 2ஜிக்கு மாற்றிப் பாருங்கள், அந்த நாட்டில் அவை இன்னும் ஓடினால் கால் போய்விடும். இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் ஏதாவது ஒரு வைஃபையில் இணைந்து, கம்பெனியின் ஆப்பிலோ சாட்டிலோ கேளுங்கள். உங்கள் பக்கம் ரோமிங் திறக்கப்படாமல் இருந்தால் அங்கிருந்தே திறந்துவிடுவார்கள். திறந்த பிறகு போனை ஒரு தடவை அணைத்து ஆன் செய்தால்தான் புது நிலை பிடிக்கும்.